முதுகுக் கணக்கு

“பதினேழரை. எழுதிக்க.”

பையின் கைப்பிடியில் இரண்டு விரலை மாட்டி, ஒரு சாண் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டுவிட்டு, அடுத்த பைக்கு நகர்ந்தார் ஹைகா அக்கா. பைக்குச் சொந்தக்காரர் டென்மார்க்கிலிருந்து வந்த நெட்டை மனிதர். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொக்கித் தராசில் மாட்டிக் காட்டச் சொன்னார். முள் பதினேழரையை ஒரு கோடு தாண்டி நின்றது. “தராசுக்கு வயசாகுதுல்ல, கொஞ்சம் கூடத்தான் காட்டும்,” என்று அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். இதை நான் டென்மார்க்காரருக்கு மொழிபெயர்க்கவில்லை.

மோஷி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மலையேற்ற அலுவலகம். முதலாளி பெயர் மசாவே. நான் ஓம்பேனி, வழிகாட்டி. கிளிமஞ்சாரோ உச்சியை நூற்று அறுபது தடவைக்கு மேல் மிதித்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு கூட்டம் இங்கிருந்து மலைக்குப் போகுமா போகாதா, போனால் எத்தனை முட்டையோடு போகும் என்பதைத் தீர்மானிப்பவர் அக்காதான். பதினொரு வருடமாக எங்கள் எல்லாப் பயணங்களுக்கும் அவர்தான் பட்ஜெட். நாற்பத்தேழு வயது, குட்டை உருவம், அகலமான தோள். மூக்குக்கண்ணாடியைப் பழைய பூட்ஸ் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அது மூக்குக்கு ஏறிவிட்டதென்றால் யாருடைய செலவோ வெட்டுப்படப் போகிறது என்று அர்த்தம்.

அக்கா ஷில்லிங்கில் பேசமாட்டார். அவருக்கு எல்லாமே முதுகுதான். ஒரு சுமையாள் இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது மலை வாசலில் உள்ள சட்டம். அங்கே ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆகவே இருபது கிலோ என்றால் ஒரு முதுகு. கிதார் கொண்டுவந்த பையனிடம், “கால் முதுகு. வாசிக்கத் தெரியும்னா கொண்டு போ, தெரியாதுன்னா இங்கயே வெச்சுட்டுப் போ,” என்பார். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி இரட்டை மெத்தை வேண்டுமென்று கேட்டது. “ஒண்ணே கால் முதுகு ஆகும். கல்யாணப் பரிசா அரை முதுகு என்னோடது. மிச்சத்துக்குக் காசு குடுங்க,” என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். முதலாளி மசாவேயையும் அக்கா இதே அளவையில்தான் அளந்து வைத்திருக்கிறார். “நம்ம ஐயா நாலே முக்கால் முதுகு. மத்தியானம் சாப்பிட்டாருன்னா அஞ்சு.”

மற்ற அலுவலகங்களில் பட்ஜெட்டை மலை வாசலிலிருந்து தொடங்குவார்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று மேலே ஏறிக்கொண்டே போவார்கள். அக்கா கடைசி நாளிலிருந்து தொடங்குவார். தாளின் அடிவரியில் முதலில் எழுதுவது இறங்கும் செலவு: பிராணவாயு உருளை, ஒற்றைச் சக்கரத் தூக்குப் படுக்கை, வாசலில் ஆறு நாளும் டிரைவரோடு காத்திருக்கும் வண்டி. அதை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டுத்தான் மேலே போவார். ஏன் இப்படித் தலைகீழாக என்று ஒருமுறை கேட்டேன். “ஏறுறப்ப எல்லாரும் காசு வெச்சிருப்பானுங்கடா. இறங்குறப்பதான் எவன் கையிலயும் இருக்காது,” என்றார்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முதுகுக்கு வயிறு உண்டு. ஐந்து சுமையாட்களை ஏற்றினால், அவர்கள் ஆறு நாள் சாப்பிடும் மாவையும் முட்டைக்கோசையும் தூக்க ஆறாவது ஆள் வேண்டும். “அஞ்சுன்னு எழுதுனா ஆறுன்னு படி,” என்பார். பீன்ஸுக்கு இரண்டாவது முகாமுக்கு மேல் அனுமதி இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், பீன்ஸ் வேகாது, சிலிண்டர் மட்டும் தீர்ந்துபோகும். சமையல்காரர் தேமு ஒருமுறை வழியில் பத்து முட்டை உடைந்துவிட்டது என்றார். மலையிலிருந்து குப்பையை முழுக்கக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதும் சட்டம் அல்லவா? “சரி, ஓட்டைக் காட்டு,” என்று குப்பைப் பையைக் கொட்டச் சொல்லிவிட்டார் அக்கா. நாலு முட்டைக்கான ஓடுதான் இருந்தது. அதற்குப் பிறகு தேமுவின் முட்டைகள் உடைவதில்லை.

நாங்கள் மேலே இருக்கும்போது தினமும் மாலை ஆறு மணிக்கு நான் போனில் கூப்பிட வேண்டும். உச்சி தொட்டோமா என்று அவர் கேட்டதே இல்லை. “காஸ் எவ்வளவு மிச்சம்? பசங்க சாப்பிட்டானுங்களா? அந்த இருமல்காரம்மா எப்படி இருக்கு?” இந்த மூன்றுதான். பதில் திருப்தியாக இருந்தால் போனை வைத்துவிடுவார். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் போச்சு.

இத்தனை தெரிந்த அக்கா ஒருமுறைகூட மலை ஏறியதில்லை. புறப்படும் நாளன்று வாசல் வரை தராசோடு வருவார், கடைசி மூட்டை உள்ளே போனதும் காலி வண்டியில் திரும்பிவிடுவார். கேட்டால், “மேல என்ன இருக்கு? குளிர். அது எங்க வீட்டுலயும் ஜூலை மாசம் இருக்கு,” என்பார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

போன ஜனவரியில் வாழைப்பழச் சந்தையிலிருந்து பெண்கள் கூட்டமாக அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் அபன்சியா. அக்காவும் அவரும் மச்சாமே கிராமத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இரண்டு வருடமாகப் பத்துப் பேர் வாரச் சீட்டுப் போட்டு, ஆளுக்குப் பதினோரு லட்சம் ஷில்லிங் சேர்த்திருந்தார்கள். மலை ஏற வேண்டுமாம். உச்சி வரைக்கும்.

“வெள்ளைக்காரன் பழம் வாங்க வர்றான். மேல அப்படி இருக்கு, இப்படி இருக்குன்னு எனக்கே சொல்லிக்குடுக்கிறான்,” என்றாள் அவர்களில் இளையவளான கிறிசென்சியா. “எங்க வீட்டு உள்ரூம்ல என்ன இருக்குன்னு விருந்தாளி வந்து எனக்குச் சொல்றான் அக்கா. பொறுக்க முடியல.”

சிக்கல் என்னவென்றால், பத்தாவது ஆளான யூஸ்டாவுக்கு மூன்றாவது குழந்தை வயிற்றில் வந்துவிட்டது. அவள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனவே ஒன்பது பேர், தொண்ணூற்றொன்பது லட்சம். வழிகாட்டி, சமையல்காரர், வண்டி, இறங்கும் செலவு எல்லாம் பத்துப் பேருக்கானாலும் ஒன்பது பேருக்கானாலும் அதேதான். நாளும் தள்ளிப்போட முடியாது. மார்ச்சில் மழை தொடங்கிவிடும். சீட்டின் விதிப்படி மார்ச்சில் பணத்தையும் பிரித்துவிட வேண்டும். பிரித்த பணம் பள்ளிக் கட்டணத்துக்கும் கூரைக்கும் போய்விடும் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும். இந்தப் பிப்ரவரி, இல்லையென்றால் கிடையாது.

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். மூன்று நாள் எங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. நாலாம் நாள் மசாவே ஐயா அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “ஹைகா, இதுல எனக்கு லாபம் வேணாம். நஷ்டமும் வேணாம்,” என்றார். அவர் வாயிலிருந்து முதல் வாக்கியம் வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் மறுபடி வந்தார்கள். முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைகளில் உட்கார்ந்தார்கள். அக்கா பட்ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தேழு முதுகு ஆகிறது, பதினேழு லட்சம் துண்டு விழுகிறது என்று சொன்னார். அபன்சியா, “எதுல போகுது இவ்வளவு? படிச்சுக் காட்டு,” என்றார்.

அக்கா படித்தார். சாப்பாட்டுக் கூடாரம் ஒன்று. மடக்கு மேஜை இரண்டு. முதுகு சாயும் நாற்காலி ஒன்பது. மேஜை விரிப்பு. கழிப்பறைக் கூடாரம், அதைத் தூக்க ஒரு ஆள். கை கழுவ வெந்நீர், ஆளுக்கொரு கிண்ணம். தடிமனான மெத்தை ஒன்பது. மாலை நாலு மணிக்குச் சோளப்பொரி.

“நில்லு,” என்றார் அபன்சியா. “நாலு மணிக்கு என்ன?”

“சோளப்பொரி.”

“யாருக்கு?”

அக்கா அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி பார்த்தார்.

“ஏன்டி ஹைகா, நாங்க என்ன வெள்ளைக்காரிங்களா?” அபன்சியா கூடையிலிருந்து எழுந்தே விட்டார். “சோளப்பொரியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் மலை ஏறணுமா, நான் கொறிக்க? நான் வருஷம் முப்பத்தஞ்சா சாக்கு மேல உக்காந்து யாவாரம் பண்றவ. எனக்கு முதுகு சாயுற நாற்காலியா?”

“எனக்குக் கிண்ணத்துல வெந்நி வேணும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “பதினாறு பேரைப் பெத்த மாமியார்கூட எனக்குக் குடுத்ததில்ல. குறைச்சிடாதீங்க.”

முற்றம் முழுக்கச் சிரிப்பு. தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினொரு வருடத்தில் அவர் கணக்கில் ஒரு தப்பு நான் கண்டதில்லை. இதுவும் கூட்டல் தப்பு அல்ல. மலை ஏறுகிறவர் என்றாலே எங்கள் கை தானாக எழுதும் பட்டியல் அது. வருகிறவர் நம் ஊர்க்காரியாக இருப்பார் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் யாரும் நினைத்ததில்லை. அக்காவும் நினைக்கவில்லை, அவர் தோழி வந்து எதிரில் உட்கார்ந்த பிறகும். எனக்கும் தோன்றவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். நானும் அந்தத் தாளைப் பார்த்தவன்தான்.

திடீரென்று அக்காவுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. “குடுங்கடி அந்தப் பேனாவை,” என்று நின்றபடியே ஒவ்வொரு வரியாக அடித்தார். அடிக்க அடிக்கப் பெண்கள் கை தட்டினார்கள். கூடாரம், கை தட்டல். நாற்காலி, கை தட்டல். சோளப்பொரிக்கு விசில் பறந்தது. ஐந்து முதுகு கழிந்தது. அந்த ஐந்து பேருக்குச் சோறு தூக்கும் ஆறாவது முதுகும் சேர்ந்து போயிற்று. செலவில் ஒன்பது லட்சம் குறைந்தது.

கை தட்டல் அடங்குவதற்குள் அவர்கள் ஒரு குலை வாழைக்காய் கொண்டுபோக வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வாழைக்காய் இல்லாமல் ஒரு வாரமா, உயிரோடு திரும்புவதா வேண்டாமா என்று கேட்டார்கள்.

“ஒன்றரை முதுகு,” என்றார் அக்கா.

“ஒரே ஒரு குலைடி.”

“அந்த உயரத்துல வேகாது அபன்சியா. காஸ் தீரும், காய் அப்படியே இருக்கும்.”

“எங்க காய் வேகும். சந்தைக் காய்தான் வேகாது.”

“உன் காயே சந்தைக் காய்தானே!”

கடைசியில் முதல் இரவுக்கு மட்டும் வாழைக்காயும் இறைச்சியும் போட்ட கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆளுக்கொரு டப்பா அவரவர் பையிலேயே தூக்கிப் போவதென்று முடிவாயிற்று. யாருடைய முதுகும் கூடவில்லை. அக்காவை இதற்கு முன் யாரும் இவ்வளவு தூரம் இறக்கி நான் பார்த்ததில்லை.

ஆனாலும் எட்டு லட்சம் இடித்தது. அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் எட்டு லட்சமாகவே நின்றது. இரண்டு முதுகைக் குறைத்து, மற்ற ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ ஏற்றிவிட்டால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். “ஏத்தலாமே. உன் முதுகைக் காட்டு,” என்றார். மசாவே ஐயா குனிந்து தாளின் அடிவரியில் விரல் வைத்தார். “ஹைகா, இந்த வண்டியும் உருளையும் சேத்துச் சரியா எட்டு லட்சம் வருது. ஊர்ப் பொம்பளைங்க, மலையிலயே பொறந்தவங்க. அவங்களுக்கு என்ன ஆயிடப் போகுது?”

“ஐயா, அந்த வரியை எடுக்கிறதுன்னா கூடவே என்னையும் எடுத்துடுங்க,” என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. ஐயா விரலை எடுத்துக்கொண்டார்.

மலை ஏற அனுமதி தரும் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டும். பத்தாவதாக ஒரு ஆள் பதினோரு லட்சத்தோடு வந்தால், அந்த ஆளின் சொந்தச் செலவு மூன்று போக எட்டு கிடைக்கும், கணக்கு நேராகிவிடும். பெண்கள் தங்கள் அக்கா, தங்கை, நாத்தனார் என்று எல்லாரையும் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் அகப்படவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சந்தை ஓய்ந்த நேரத்தில் ஒன்பது பேரும் வந்தார்கள். பூட்ஸ் வாடகைக் கடைக்காரர் கால் அளவு கேட்டிருந்தார். சந்தைப் பெண்களுக்குச் செருப்பு நம்பர் தெரியாது. பொருந்தினால் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். போகிறோமோ இல்லையோ அளவையாவது எடுத்து வைப்போம் என்று அக்கா பழுப்புக் காகிதத்தை வெட்டித் தரையில் விரித்தார். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அக்கா மண்டியிட்டு, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். வெடித்த குதிகால்கள், விரிந்த விரல்கள். கிறிசென்சியாவுக்குக் கூச்சம் தாங்காமல் கோடு மூன்று தடவை கோணிக்கொண்டு போயிற்று. அன்று யாரும் அதிகம் சிரிக்கவில்லை.

ஒன்பதாவதாக நின்றவர் அபன்சியா. கோடு முடிந்தும் அவர் காகிதத்தை விட்டு நகரவில்லை.

“பத்தாவது ஆளு கிடைச்சாச்சு,” என்றார், கீழே குனிந்திருந்த அக்காவின் தலையைப் பார்த்து.

“யாரு?”

“என் கால்கிட்ட உக்காந்திருக்கா.”

அக்கா நிமிரவில்லை. “உளறாத. எங்கிட்ட இருக்கிறது மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட வெச்ச காசு.”

“மாடு ஒரு மழைக்காலம் வாழை இலைக்குக் கீழ நிக்கட்டும். எங்க வீட்டு மாடு நிக்கல?”

“போன் யாரு எடுக்கிறது? மேல ஏதாவது தட்டுப்பாடு வந்தா கீழ இருந்து பாக்க ஆள் வேணும்.”

“நான் எடுக்கிறேன்,” என்றார் மசாவே ஐயா உள்ளேயிருந்து. “காஸ் எவ்வளவு, பசங்க சாப்பிட்டாங்களா, யாருக்காவது இருமலா. இதானே? பதினொரு வருஷமா சுவர் வழியாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அக்கா மேலே வந்தால், மற்றப் பயணங்களில் மாலை நாலு மணிச் சோளப்பொரியில் பாதி எந்த வாய்க்குப் போகிறது என்று தேமு போட்டுக் கொடுத்துவிடுவாரே என்ற கவலையும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அபன்சியா மெதுவாகக் கேட்டார். “பயமா இருக்காடி?”

“இருக்கு,” என்றார் அக்கா. இவ்வளவு சுருக்கமாக அவர் எதையும் ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. அவரே தொடர்ந்தார். “இங்க உக்காந்தா எல்லாம் என் கையில இருக்கு. அங்க போயிட்டா நான் எதை மாத்த முடியும்? யாரோ போட்ட கணக்குலதான நடக்கணும்?”

“யாரோவா?” என்றார் அபன்சியா. “நீ போட்டதுதானடி. அதை நம்பி நாங்க ஒன்பது பேரு நடக்கலாம், நீ நடக்கக் கூடாதா?”

அக்கா ஒன்பது காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார். வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கத்தரிக்கோலை எடுத்து இன்னொரு துண்டுக் காகிதம் வெட்டினார். அதைத் தரையில் போட்டு, வலது செருப்பை உதறிவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த கிடெங்கேத் துணியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். பிறகு காலை அசைக்காமல், பென்சிலை என் பக்கம் நீட்டினார்.